கடந்துவிட்டதா, கடந்துகொண்டிருக்கிறதா: சான் டியாகோ வானில் ஒரு போயிங்கும் ஒரு செஸ்னாவும்

தமிழில் "கடந்துவிட்டது" என்பதையும் "கடந்துகொண்டிருக்கிறது" என்பதையும் யாரும் குழப்பிக்கொள்வதில்லை. வினைச்சொல்லின் வால் நமக்கு நீளம்; வானொலி இரைச்சலில் பாதி அறுந்து போனாலும் மீதி காதில் விழுந்துவிடும். ஆங்கிலத்தில் இந்த இரண்டையும் பிரிப்பது ஒரே ஓர் ஈற்றசை. 'பாஸ்டு' என்றால் வேலை முடிந்தது. 'பாஸிங்' என்றால் முடியவில்லை. 1978 செப்டம்பர் 25, திங்கட்கிழமை, காலை 9 மணி 50 விநாடிக்கு ஒரு போயிங் 727 விமானி அறையிலிருந்து விமான நிலையக் கட்டுப்பாட்டுக் கோபுரத்துக்குப் போன வாக்கியத்தில் இருந்தது எது என்பதை, பிற்பாடு ஒலிநாடாவை வைத்து ஆராய வேண்டிவந்தது. வாக்கியம் முடிந்து ஒரு நிமிடம் ஆனபோது அந்தப் போயிங்கும், அது கடந்துவிட்டதாக நினைத்த சிறு செஸ்னாவும் ஒரே இடத்தில் இருந்தன.

பயணிகள் விமானமும் இலகு விமானமும் நூலிழையில் விலகிப் போகும் நிகழ்வுகள் பெரும்பாலும் இரண்டு பத்தி அறிக்கையாக முடிந்துவிடும். யாரும் சாகாததால் யாரும் விநாடிவிநாடியாகப் பிரித்துப் பார்ப்பதில்லை. சான் டியாகோவில் அந்த நூலிழை அறுந்தது. அதனால்தான் அதன் ஒவ்வொரு விநாடியும் பதிவில் இருக்கிறது. விலகிப் போன நிகழ்வுகள் எப்படி உருவாகின்றன என்று தெரிந்துகொள்ள, விலகாமல் போன இந்த ஒன்றைவிட நல்ல பாடம் எனக்குத் தெரிந்து இல்லை.

இரண்டு விமானங்கள், ஓர் ஓடுபாதை

போயிங் 727, பசிபிக் சவுத்வெஸ்ட் ஏர்லைன்ஸின் (சுருக்கமாக பிஎஸ்ஏ) 182ஆம் எண் விமானம். சாக்ரமென்டோவில் புறப்பட்டு, லாஸ் ஏஞ்சலஸில் நின்று, சான் டியாகோவின் லிண்ட்பர்க் ஃபீல்டு நோக்கி வந்துகொண்டிருந்தது. கலிபோர்னியாவுக்குள் குறைந்த கட்டணத்தில் மக்களை ஏற்றிச்சென்ற நிறுவனம் அது. விமானங்களின் மூக்கில் ஒரு புன்னகையை வரைந்து வைத்திருந்தார்கள். அன்று உள்ளே 135 பேர். அவர்களில் பணியில் இல்லாத அந்நிறுவன ஊழியர்கள் பலர். அப்படி ஒருவர், அதே நிறுவனத்தின் வேறொரு கேப்டன், விமானி அறையின் உபரி இருக்கையில் உட்கார்ந்து பேசிக்கொண்டு வந்தார்.

செஸ்னா 172இல் இருவர். ஒருவர் பயிற்றுநர். மற்றவரும் உரிமம் பெற்ற விமானிதான். கருவிகளை மட்டும் நம்பி ஓட்டும் தகுதிக்காகப் பயின்றுகொண்டிருந்தார். இந்தப் பயிற்சியில் ஓட்டுபவர் நெற்றியிலிருந்து நீளும் ஒரு மறைப்பை அணிந்துகொள்வார், வெளியே எதுவும் தெரியக்கூடாது என்பதற்காகவே. வெளியைப் பார்ப்பது பக்கத்தில் இருப்பவரின் வேலை. ஆக, அந்தச் சிறு விமானத்தில் இருந்த நான்கு கண்களில் இரண்டு, பயிற்சியின் விதிப்படியே மூடப்பட்டிருந்தன.

இவர்கள் லிண்ட்பர்க்கின் ஒரே ஓடுபாதையை மேற்கிலிருந்து அணுகி, தரையிறங்காமல் மேலேறி, மறுபடி சுற்றி வரும் பயிற்சியில் இருந்தார்கள். அதே ஓடுபாதையில் ஜெட் இறங்கவேண்டியது எதிர்த்திசையில், கிழக்கிலிருந்து. அதற்காக அது ஓடுபாதைக்கு வடக்கே, அதற்கு இணையாகக் கிழக்கு நோக்கிப் பறந்து, பிறகு வலப்புறம் திரும்பி இறங்கும். செஸ்னா தரையிலிருந்து வடகிழக்காக ஏறிக்கொண்டிருக்கிறது. போயிங் பின்னால் மேலிருந்து கிழக்காக இறங்கிக்கொண்டிருக்கிறது. வானம் தெளிவு, பார்வைக்கு எட்டும் தூரம் 10 மைல். இதைவிடச் சாதாரணமான காலை ஒன்றைக் கேட்டு வாங்க முடியாது.

இரண்டு நிமிடங்கள்

8:59:30க்குச் சற்று முன்பின்னாக, வந்திறங்கும் விமானங்களைக் கவனிக்கும் ரேடார் கட்டுப்பாட்டாளர் ஜெட்டை எச்சரிக்கிறார்: நேர் முன்னால், ஒரு மைலில், வடக்கு நோக்கி ஒரு விமானம். "பார்த்துக்கொண்டிருக்கிறோம்" என்கிறார் கேப்டன். இது நம் செஸ்னா அல்ல, வேறொன்று. அடுத்த பத்து விநாடியில் இரண்டாவது எச்சரிக்கை: இன்னொன்றும் நேர் முன்னால், மூன்று மைலில், ஒரு செஸ்னா 172, 1,400 அடியைத் தாண்டி ஏறுகிறது, வடகிழக்கு நோக்கி. அதையும் பார்த்துவிட்டதாகத் துணை விமானி சொல்கிறார்.

9:00:15. மூன்றாவது முறை: நேர் முன்னால், மூன்று மைல், 1,700 அடியைத் தாண்டுகிறது. துணை விமானி கண்டதாகச் சொல்ல, கேப்டன் வானொலியில் அறிவிக்கிறார்: விமானம் கண்ணில் இருக்கிறது.

இந்த வாக்கியத்தில்தான் வழக்கே திரும்புகிறது. அதுவரை அந்த இரண்டு விமானங்களையும் பிரித்து வைப்பது ரேடார் முன் இருப்பவரின் பொறுப்பு. "கண்ணில் இருக்கிறது" என்ற சொல் வானொலியில் வந்த மறுகணம் அவர் சொன்ன பதில்: பார்வைவழியே இடைவெளியைக் காத்துக்கொள்ளுங்கள், கோபுரத்தோடு தொடர்புகொள்ளுங்கள். பொறுப்பு கைமாறிவிட்டது. ரேடார் திரையிலிருந்து போயிங்கின் முன்கண்ணாடிக்கு அது இடம்பெயர்ந்தது. விதி அதை அனுமதித்தது. இப்படிப் பொறுப்பேற்கும் விமானி செய்யவேண்டியது இரண்டு: கண்ட விமானத்தைக் கண்ணிலிருந்து விடாதிருப்பது, விட்டுவிட்டால் உடனே சொல்வது.

9:00:31. அதே கட்டுப்பாட்டாளர் செஸ்னாவிடம் சொல்கிறார்: உங்களுக்குப் பின்னால் இரண்டு மைலில் ஒரு ஜெட், 3,200 அடியைத் தாண்டி இறங்குகிறது, *உங்களைப் பார்த்துவிட்டது*. செஸ்னா கேட்டுக்கொள்கிறது. 070 திசையில், அதாவது வடக்கிலிருந்து கிழக்காக 70 டிகிரியில், போகும்படியும் 3,500 அடிக்கு மேல் ஏறாதிருக்கும்படியும் ஏற்கெனவே அதற்குச் சொல்லப்பட்டிருந்தது.

பின்னால் வருபவன் நம்மைப் பார்த்துவிட்டான் என்று தெரிந்தபின் யார் கழுத்தைத் திருப்பிக்கொண்டே ஓட்டுவார்கள்? அந்தப் பயிற்றுநரின் மனத்தில் என்ன ஓடியது என்று எந்தக் கருவியும் பதிவு செய்யவில்லை. ஆனால் அந்தச் செய்தியின் இயல்பே கவலையைக் குறைப்பது. ஒரு கணத்தின் உண்மையை, நிலையான உண்மையாக அது கொண்டுபோய்ச் சேர்த்தது.

9:00:38. இப்போது ஜெட் கோபுரத்தின் அலைவரிசையில். கோபுரமும் எச்சரிக்கிறது: நேர் முன்னால், ஒரு மைலில், ஒரு செஸ்னா. விமானி அறைக்குள் கேப்டன் கேட்கிறார்: நாம் பார்த்துக்கொண்டிருந்தது அதுதானா? துணை விமானியின் பதிலை அப்படியே தமிழில் சொன்னால்: "ஆமாம், ஆனால் இப்போது எனக்குத் தெரியவில்லை."

இது அறைக்குள் சொல்லப்பட்டது. வெளியே போனது வேறு. 9:00:44க்குக் கோபுரத்திடம் சொன்னது: "சரி, சற்று முன்பு அங்கே இருந்தது." அதைத் தொடர்ந்து, "நமக்கு வலப்புறமாகக் கடந்துவிட்டது என்று நினைக்கிறேன்." கோபுரத்தில் இருந்தவர் கேட்டதாகச் சாட்சி சொன்னது "கடந்துகொண்டிருக்கிறது" என்று. கடந்துகொண்டிருக்கிறது என்றால் சொல்பவர் அதை அந்த நொடியில் பார்த்துக்கொண்டிருக்கிறார். கடந்துவிட்டது, என்று நினைக்கிறேன் என்றால் அவர் பார்க்கவில்லை, ஊகிக்கிறார். முதலாவதைக் கேட்ட கட்டுப்பாட்டாளருக்குச் செய்ய எதுவும் இல்லை. இரண்டாவதைக் கேட்டிருந்தால் செய்ய நிறைய இருந்தது.

ஆனால் பழியை ஈற்றசையின் மேல் போட்டுவிட்டுப் போவது சோம்பேறித்தனம். "தெரியவில்லை" என்ற தெளிவான சொல் அறைக்குள் ஏற்கெனவே சொல்லப்பட்டுவிட்டது. வானொலிப் பொத்தானை அழுத்தியபோது அது "சற்று முன்பு இருந்தது" என்று மெலிந்துபோனது. ஒருமுறை "பார்த்துவிட்டோம்" என்று பொதுவில் சொன்னவர் "தொலைத்துவிட்டோம்" என்று திரும்பச் சொல்வதில் ஒரு கூச்சம் இருக்கிறது. பொய் சொல்லும் எண்ணமே இல்லாமல், நாக்கு தானாக மிருதுவான சொல்லைத் தேடிக்கொள்ளும். வழி கேட்டுவிட்டுப் பாதி புரிந்தும் புரியாமலும் தலையாட்டிவிட்டு நடந்திருக்கிறவர்களுக்கெல்லாம் அந்தக் கூச்சம் தெரியும்.

9:01:11. துணை விமானிக்கு மனம் ஒப்பவில்லை. "அந்தச் செஸ்னாவிடமிருந்து விலகிவிட்டோமா?" விமானி அறையின் மூன்றாமவரான ஃப்ளைட் இன்ஜினியர்: "விலகியிருக்க வேண்டும்." கேப்டன்: "அப்படித்தான் நினைக்கிறேன்." உபரி இருக்கைக்காரர்: "அப்படித்தான் நம்புகிறேன்." சிரிப்பு. பத்து விநாடி கழித்துக் கேப்டன், தான் அதைத் திரும்புவதற்கு முன் சற்று வலப்புறம் பார்த்ததாகவும் இப்போது பின்னால் இருக்கும் என்றும் சொல்கிறார். நான்கு பேர், நான்கு ஊகங்கள். ஒவ்வொன்றும் அடுத்தவரின் ஊகத்தின் மேல் சாய்ந்து நிற்கிறது.

9:01:28. ரேடார் அறையில் மோதல் எச்சரிக்கை ஒலிக்கிறது. மோதலுக்கு இன்னும் 19 விநாடி.

9:01:38. போயிங்கில் துணை விமானி: "கீழே ஒன்று இருக்கிறது." ஒரு கணம் விட்டு, "அங்கே தரையிறங்க வரும் அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்."

9:01:47. 2,600 அடி உயரத்தில் போயிங்கின் வலது இறக்கை செஸ்னாவின் மேல் இறங்கியது. ரேடார் அறையிலிருந்து செஸ்னாவுக்கு ஒரு செய்தி போய்க்கொண்டிருந்த நேரம் அது: உங்கள் அருகில் ஒரு ஜெட் இருக்கிறது, உங்களைப் பார்த்துவிட்டது, இறங்கிக்கொண்டிருக்கிறது.

செஸ்னா காற்றிலேயே சிதறியது. போயிங் வலப்புறம் சாய்ந்து, இறக்கையில் தீயோடு, 17 விநாடிகளில் நார்த் பார்க் குடியிருப்புப் பகுதியில் விழுந்தது. 135 பேரும், செஸ்னாவில் இருந்த இருவரும், தரையில் 7 பேரும் இறந்தார்கள். 22 வீடுகள் அழிந்தன அல்லது சேதமடைந்தன. கடைசி விநாடிகளின் பதிவு பொதுவெளியில் கிடைக்கிறது. அதை இங்கே எடுத்தெழுத எனக்கு மனமில்லை. நிகழ்வைப் புரிந்துகொள்ள அது தேவையும் இல்லை.

கண் ஏன் கைவிட்டது

தெளிவான வானில் முன்னால் போகும் ஒரு விமானத்தை எப்படித் தொலைக்க முடியும் என்ற கேள்வி நியாயமானது.

கணக்குப் போட்டுப் பார்க்கலாம். செஸ்னா 172இன் இறக்கை முனையிலிருந்து முனைக்கு ஏறக்குறைய 11 மீட்டர். ஒரு கடல் மைல் தள்ளி அது கண்ணில் எடுத்துக்கொள்ளும் கோணம் டிகிரியில் மூன்றில் ஒரு பங்கு. முழுநிலவின் அகலத்தில் மூன்றில் இரண்டு பங்கு. கேட்கப் பெரிதாகத்தான் இருக்கிறது. ஆனால் பின்னாலிருந்து பார்க்கும்போது இறக்கை ஒரு மெல்லிய கோடு, உடல் ஒரு புள்ளி. நிலவுக்குப் பின்னால் கறுத்த வானம் இருக்கிறது. இந்தக் கோட்டுக்குப் பின்னால் இருந்தது சான் டியாகோ நகரம்: பல வண்ணக் கூரைகள், தெருக்கள், மரங்கள், வாகனங்கள். மேலிருந்து பார்ப்பவனுக்குச் சிறு விமானம் வானத்தின் மேல் தெரிவதில்லை, ஊரின் மேல் தெரிகிறது. கிழக்கு நோக்கிப் பறப்பவனுக்குக் காலைச் சூரியனும் முன்னால்தான்.

இவற்றைவிட மோசமானது அசைவின்மை. மோதும் பாதையில் இருக்கும் இரண்டு பொருள்களுக்கு ஒரு விபரீத குணம் உண்டு: ஒன்றின் பார்வையில் மற்றது நகராது. கண்ணாடியில் எந்த இடத்தில் இருந்ததோ அங்கேயே நிற்கும், மெல்லப் பெரிதாகும், அவ்வளவுதான். மனிதக் கண்ணின் ஓரம் அசைவைப் பிடிப்பதில் கெட்டிக்காரத்தனம் உடையது. அசையாத புள்ளியை அது பின்னணியோடு சேர்த்துத் துடைத்துவிடும். தூரம் பாதியானால் உருவம் இரட்டிக்கும் என்பதால், பெரும்பாலான நேரம் புள்ளியாகவே இருந்துவிட்டுக் கடைசி நொடிகளில்தான் அது பூதாகரமாக விரிகிறது.

விசாரணையில் செய்த பார்வை ஆய்வு இன்னொன்றையும் சொன்னது. கடைசிக் கட்டத்தில் செஸ்னா, போயிங்கின் முன்கண்ணாடியின் அடிவிளிம்பில், துடைப்பானுக்குச் சற்று மேலே இருந்திருக்க வேண்டும். இருக்கையைக் கொஞ்சம் தாழ்வாக வைத்துக்கொண்டால் அது மறைந்துவிடும். செஸ்னாவின் பக்கமும் அதே கதை. அதன் இறக்கை கூரைக்கு மேலே இருக்கிறது. கீழே பார்க்க அருமையான விமானம். மேலே, பின்னால் இருப்பதைப் பார்க்கக் குருடு.

பார்த்து விலகுதல் பற்றி அமெரிக்காவின் ஃபெடரல் விமானப் போக்குவரத்து நிர்வாகம் வெளியிட்ட அறிவுரையில் புகழ்பெற்ற அட்டவணை ஒன்று உண்டு. ஒரு பொருளைக் கண்டு, அது விமானம் என்று உணர்ந்து, மோதும் பாதையில் இருப்பதை அறிந்து, முடிவெடுத்து, கை அசைத்து, விமானம் திரும்பத் தொடங்குவதற்கு மொத்தம் 12.5 விநாடி. இந்த எண்ணை எடுத்துக்காட்டி, மனிதனால் முடியாத வேலை என்று முடிப்பது வழக்கம். இந்த வழக்கில் நான் அதை ஏற்கமாட்டேன். "தெரியவில்லை" என்று சொன்னதற்கும் மோதலுக்கும் இடையில் ஒரு நிமிடம் இருந்தது. பின்னாலிருந்து முந்தும் கோணத்தில் நெருங்கும் வேகம் குறைவு. நேரம் இருந்தது; எங்கே தேடுவது என்பதுதான் இல்லாமல் போயிற்று. அவர்கள் வலப்புறமும் பின்னாலும் இருப்பதாக எண்ணிக்கொண்டிருந்த விமானம், முன்னால் கீழே இருந்தது.

அது அங்கே வந்ததற்கு ஒரு காரணம், செஸ்னா 070 திசையை விட்டு 090க்கு, நேர் கிழக்காக, திரும்பியிருந்தது. ஏன் என்று சொல்ல யாரும் பிழைக்கவில்லை. அந்த 20 டிகிரி அதை ஜெட்டின் பாதைக்கு நேர் கீழே கொண்டுவந்து நிறுத்தியது.

பழக்கப்பட்டுப் போன மணி

ரேடார் அறையில் ஒலித்த எச்சரிக்கையைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். கணினி தன் வேலையைச் சரியாகச் செய்தது. இரண்டு தடங்கள் சேரப்போகின்றன என்று 19 விநாடி முன்பே சொன்னது. அறையில் இருந்தவர்கள் அதைக் கேட்டார்கள், பேசிக்கொண்டார்கள், ஜெட் அந்தச் செஸ்னாவைப் பார்த்துவிட்டதாகத்தானே சொல்லியிருக்கிறது என்று முடிவு செய்தார்கள். அந்த மணி அந்த அறையில் நாள்தோறும் பலமுறை ஒலிக்கும். பார்வைவழி இடைவெளியில் பறப்பவர்கள் நெருக்கமாகத்தான் பறப்பார்கள், ஒலிக்கத்தான் செய்யும். எல்லா முறையும் ஒன்றும் ஆனதில்லை.

அவர்களைக் குறை சொல்வது எளிது. ஆனால் அவர்களின் தர்க்கத்தில் ஓட்டை இல்லை, அடித்தளத்தில்தான் ஓட்டை. ஒரு நிமிடத்துக்கு முந்தைய "கண்ணில் இருக்கிறது" என்ற செய்தி இன்னும் உயிரோடு இருப்பதாக அவர்கள் நம்பினார்கள். அது 9:00:43க்கே இறந்துவிட்டது. அது இறந்த சேதி வேறோர் அலைவரிசையில், வேறோர் அறையில், தெளிவில்லாத ஒரு வினைமுற்றாகக் கரைந்து போயிருந்தது. அந்த நேரத்தில் ஜெட் பேசிக்கொண்டிருந்தது கோபுரத்தோடு. செஸ்னா பேசிக்கொண்டிருந்தது ரேடார் அறையோடு. ஒருவர் பேசுவதை மற்றவர் கேட்க வழியில்லை.

தீர்ப்பு எழுதுவதில் நடந்த தகராறு

விபத்தை விசாரித்த அமெரிக்கத் தேசியப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம் 1979 ஏப்ரலில் அறிக்கை தந்தது. சாத்தியமான காரணமாக அது எழுதியது: 182இன் விமானிகள், பார்வைவழி இடைவெளி அனுமதியின் நிபந்தனையை, குறிப்பாகக் கண்ணிலிருந்து தவறியதைச் சொல்ல வேண்டும் என்பதை, கடைப்பிடிக்கவில்லை. துணைக்காரணம்: ரேடார் மூலம் பக்கவாட்டிலோ உயரத்திலோ பிரிக்க வசதி இருந்தும், மோதக்கூடிய பாதையில் இருந்த இரண்டு விமானங்களைப் பார்வையை நம்பிப் பிரிக்கக் கட்டுப்பாட்டு நடைமுறை இடம்கொடுத்தது.

வாரிய உறுப்பினர் பிரான்சிஸ் மெக்காடம்ஸ் மாற்றுக்கருத்து எழுதினார். கட்டுப்பாட்டு முறையின் குறையைத் துணைக்காரணம் என்று ஒதுக்கியது தவறு, அதுவும் முதல் காரணத்துக்குச் சமமாக நிற்க வேண்டும் என்பது அவர் வாதம். விமானிகள் கண்டதாகச் சொன்னது இந்தச் செஸ்னாவை அல்ல, மூன்றாவது ஒரு விமானத்தை என்னும் சாத்தியத்தையும் அவர் எழுப்பினார். 9:01:38க்குத் துணை விமானி சொன்ன அந்த அரைகுறை வாக்கியத்தைப் படிக்கும்போது, இதை எளிதாகத் தள்ளிவிட முடியவில்லை.

இன்னொரு சங்கடமான விவரமும் வெளிவந்தது. லிண்ட்பர்க்குக்கு வரும் விமானங்களை, அருகிலிருந்த மான்ட்கோமரி ஃபீல்டு என்ற சிறு நிலையத்தின் வான்பகுதியைத் தாண்டும்வரை 4,000 அடியில் நிறுத்திவைக்க வேண்டும் என்று அந்த ரேடார் அறைக்கே உரிய நடைமுறை ஆணை இருந்தது. அன்று அது பின்பற்றப்படவில்லை. 4,000 அடியில் ஜெட், 3,500க்குள் செஸ்னா. யாரும் யாரையும் பார்க்க வேண்டிய தேவையே எழுந்திருக்காது.

1982இல் வாரியம் தன் தீர்ப்பைத் திருத்தியது. விமானிகளின் தவறும் கட்டுப்பாட்டு நடைமுறையும் சமமாக வைக்கப்பட்டன. செஸ்னா நகரும் திசையை 182க்குச் சொல்லாதது, செஸ்னா தனக்குத் தந்த திசையில் நிற்காதது, மோதல் எச்சரிக்கையை முறையாகக் கையாளாதது ஆகியவை துணைக்காரணங்களாயின. மெக்காடம்ஸ் சொன்னதற்கு அருகே வந்து சேர வாரியத்துக்கு மூன்று ஆண்டு பிடித்தது. திருத்தப்பட்ட வடிவமே நேர்மையானது என்று நினைக்கிறேன். முதல் வடிவத்தின் குறை, அது விமானிகளைக் குற்றம் சொன்னதில் இல்லை. இறந்தவர்களின் தவறை முதல் வரியிலும், உயிரோடிருக்கும் அமைப்பின் தவறை இரண்டாம் வரியிலும் எழுதியதில் இருக்கிறது.

பிறகு

சான் டியாகோவைச் சுற்றிக் கட்டுப்பாடு இறுக்கப்பட்ட வான்வெளி வந்தது; அனுமதியின்றிச் சிறு விமானம் நுழைய முடியாது. ஆனால் வானத்தில் வரைந்த கோடு கண்ணுக்குத் தெரியாது. 1986 ஆகஸ்ட் 31 அன்று லாஸ் ஏஞ்சலஸ் அருகே செரிட்டோஸில், அப்படிப்பட்ட கோட்டைத் தெரியாமல் தாண்டிய பைப்பர் சிறு விமானம் ஒன்று ஏரோமெக்ஸிகோவின் டிசி-9 பயணிகள் விமானத்தின் வால் மீது மோதியது. 82 பேர் இறந்தார்கள், அவர்களில் 15 பேர் தரையில். பைப்பரில் டிரான்ஸ்பாண்டர், அதாவது ரேடாரின் கேள்விக்குத் தானாகப் பதில் அனுப்பும் கருவி, இருந்தது; உயரத்தைச் சொல்லும் வசதி அதில் இல்லை. கட்டுப்பாட்டாளர் அந்த நேரத்தில், அதே கோட்டைத் தவறுதலாகத் தாண்டிய இன்னொரு சிறு விமானத்தோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார்.

அதற்குப் பிறகுதான் அமெரிக்க நாடாளுமன்றம் பொறுமை இழந்தது. 30 இருக்கைக்கு மேற்பட்ட பயணிகள் விமானங்களில் டிகாஸ் என்ற மோதல் தவிர்ப்புக் கருவி கட்டாயம் என்று 1987இல் சட்டம். 1993 முடிவுக்குள் எல்லாவற்றிலும் பொருத்தப்பட்டது. பெரிய விமான நிலையங்களைச் சுற்றி 30 கடல் மைலுக்குள் சிறு விமானங்களும் உயரம் சொல்லும் டிரான்ஸ்பாண்டர் வைத்திருக்க வேண்டும் என்றும் ஆயிற்று. இரண்டும் சேர்ந்தால்தான் பயன். டிகாஸ், எதிரே இருப்பதன் டிரான்ஸ்பாண்டரைக் கேள்வி கேட்டுக் கிடைக்கும் பதிலை வைத்துத்தான் கணக்கிடும். அது தூரத்தைவிட நேரத்தைப் பார்க்கிறது: இன்னும் எத்தனை விநாடி? பிறகு "ஏறு" அல்லது "இறங்கு" என்று விமானிக்கே நேராகச் சொல்லிவிடும். இன்று இலகு விமானத்தோடு நடக்கும் நெருக்கடிகளில் பல, செய்தித்தாளின் உட்பக்கத்தோடு நின்றுவிடுவதற்கு இந்தக் கருவி பெரிய காரணம்.

தரைக்கு அருகே அதன் வாய் அடைக்கப்படும். ஏறு, இறங்கு என்ற கட்டளைகள் தாழ்வான உயரத்தில் ஆபத்து என்பதால், அங்கே அது எச்சரிக்க மட்டும் செய்யும்.

2025 ஜனவரி 29 இரவு, வாஷிங்டனின் ரீகன் தேசிய விமான நிலையத்தை நெருங்கிய ஒரு சிறிய பயணிகள் ஜெட்டும் ராணுவ பிளாக் ஹாக் ஹெலிகாப்டரும் ஏறக்குறைய 300 அடி உயரத்தில் மோதின. 67 பேர் இறந்தார்கள். ஜெட்டை இயக்கிய நிறுவனத்தின் பெயர் பிஎஸ்ஏ ஏர்லைன்ஸ். 1978இன் நிறுவனம் அல்ல இது. பழைய நிறுவனத்தை வாங்கியவர்கள், அதன் பெயர் வேறொருவர் கைக்குப் போய்விடாதிருக்க, தங்களின் வேறொரு துணை நிறுவனத்துக்கு அதைச் சூட்டியிருந்தார்கள்.  ஆனால் வானொலிப் பதிவைப் படித்தபோது எனக்கு நினைவு வந்தது பெயரால் அல்ல.

கட்டுப்பாட்டாளர் ஹெலிகாப்டருக்கு ஜெட் இருக்கும் இடத்தைச் சொல்கிறார். கண்ணில் இருக்கிறது, பார்வைவழி இடைவெளி தாருங்கள் என்று பதில். தருகிறார். மோதலுக்கு ஏறக்குறைய 20 விநாடி இருக்கையில், ஜெட் கண்ணில் இருக்கிறதா என்று மறுபடி கேட்கிறார். அவர் குரலுக்குப் பின்னணியில் மோதல் எச்சரிக்கை மணி ஒலிப்பது பதிவில் கேட்கிறது. ஜெட்டுக்குப் பின்னால் கடந்து போகும்படி சொல்கிறார். ஹெலிகாப்டரில் அதே கணம் பேசும் பொத்தான் அழுத்தப்பட்டிருந்ததால் "பின்னால் கடந்து" என்ற சொற்கள் அவர்கள் காதில் விழாமல் போயிருக்கலாம் என்றார்கள் விசாரணை அதிகாரிகள். கண்ணில் இருக்கிறது என்றே இரண்டாவது முறையும் பதில் வந்தது.

அதே வாரியம் 2025 மார்ச் மாதத்தில் ஓர் எண்ணை வெளியிட்டது. 2021 அக்டோபருக்கும் 2024 டிசம்பருக்கும் இடையில் அந்த ஒரு விமான நிலையத்தருகே, பயணிகள் விமானமும் ஹெலிகாப்டரும் 1,500 அடிக்குக் குறைவான பக்கவாட்டு இடைவெளியிலும் 200 அடிக்குக் குறைவான உயர இடைவெளியிலும் நெருங்கியது 85 முறை. ஃபெடரல் விமானப் போக்குவரத்து நிர்வாகத்தின் தரவுகளிலேயே அவை இருந்தன. மோதல் நடந்த பிறகே அவற்றை எண்ணினார்கள்.